தாளின் முன்பக்கமும் பின்பக்கமும்: காரைக்குடியில் ஒரு யோகா வகுப்பு

காரைக்குடி சுப்பிரமணியபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் யோகா சொல்லித் தருகிறார் ஒருவர். வாசலில் போர்டு கிடையாது. பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் ஆச்சி, இப்ப வர்றவங்களையே பார்த்து முடியலை" என்று சொல்லிவிட்டார். ஆகவே இங்கே அவர் வெறும் 'ஆசிரியர்'தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதவிதமான ஆசனம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடங்கள் இருக்கலாம். ஆனால் வீட்டில், யாரும் விரட்டாமல், நாமாகத் தினமும் உட்கார்வதற்கு வழி பண்ணித் தருகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கொடுத்த காசுக்கு வருத்தமில்லை. குறைகள் உண்டு, அதையும் எழுதுகிறேன்.

நான் இருப்பது பள்ளத்தூரில். வயது ஐம்பத்தேழு. வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன்: தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, மனகோலம். விசேஷ வீட்டு ஆர்டர் என்றால் அதிரசமும் சேரும். பிள்ளைகள் ஒன்று சிங்கப்பூரில், ஒன்று சென்னையில். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் அவுகளும்தான். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அடுப்பு முன்னால் நின்று நின்று வலது முட்டி தகராறு பண்ணுகிறது. இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், யோகா வகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் தாங்கள் யார், எந்த உடம்போடு போனார்கள் என்று சொல்வதில்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு ஒத்து வந்தது எனக்கு ஒத்து வர வேண்டும் என்று என்ன இருக்கிறது?

இதற்கு முன்னால் ஒரு மண்டபத்து வகுப்பில் இருந்தேன். ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். மைக்கில் ஒருவர் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரே மாதிரி குனிவோம். முடியாதவர்கள் முடிந்த வரைக்கும் குனியுங்கள் என்பார்கள். அந்த முடிந்த வரைக்கும் என்பது எது வரைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. முடிந்ததும் விரிப்பு, டீ ஷர்ட், மூலிகைப் பொடி என்று மேசை போட்டு வியாபாரம். அவர்கள் லீவு விட்டால் எனக்கும் லீவு. மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். அதில் வருகிற பெண் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கித் தோளில் வைக்கிறாள். காபி குடித்துக்கொண்டே பார்க்க நன்றாக இருக்கும்.

சரி, சுப்பிரமணியபுரத்துக்கு வருவோம்.

முதல் நாள் ஆசனமே கிடையாது. முக்கால் மணி நேரமும் கேள்விதான். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எழுந்ததும் முதலில் எங்கே போவீர்கள், அடுப்பு எப்போது பற்றவைப்பீர்கள், என்ன மாத்திரை, எந்த வேளை, ராத்திரி தூக்கம் எப்படி. வீட்டில் எந்த இடத்தில் செய்யப் போகிறீர்கள், அங்கே என்ன தரை? யோகா சொல்லித் தருகிறவர் தரையைப் பற்றிக் கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அப்புறம் எழுந்து நிற்கச் சொன்னார். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கி, விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். இது என்ன பெரிய வித்தை என்று தூக்கினேன். கை தலைக்கு மேல் போய்விட்டது, மூச்சு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இறக்கும்போது நேர்மாறு. மூச்சு தீர்ந்துவிட்டது, கை இடுப்புக்குக்கூட வரவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் நான்கைந்து தடவை பார்த்தார். "மூச்சு எவ்வளவு தூரமோ கை அவ்வளவு தூரம், ஆச்சி. கைக்காக மூச்சை இழுக்க வேண்டாம்" என்றார். அன்றைய பாடம் அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது, இதற்கா அறுநூறு ரூபாய் என்று எனக்கும் தோன்றியது.

அவர் அறைச் சுவரில் ஒரே ஒரு படம், திருமலை கிருஷ்ணமாச்சாரியாருடையது. 1888-இல் பிறந்து 1989 வரை, நூறு வயது தாண்டி இருந்தவர். மைசூர் அரண்மனையில் இளம்பிள்ளைகளுக்கு யோகம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பின்னால் சென்னைக்கு வந்தவர். உலகமெல்லாம் பேசப்படுகிற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர்கள்தான். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் அப்பா பெயரிலேயே சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். ஆளுக்கு ஏற்றபடி யோகத்தை வளைக்க வேண்டும், யோகத்துக்காக ஆளை வளைக்கக் கூடாது என்பது அந்த வழியின் சாரம். நம் ஆசிரியர் அந்த வழியில் வந்த ஒருவரிடம் படித்ததாகச் சொன்னார். கூட்டமாக நிறுத்தி வைத்து அவர் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான்.

இரண்டாவது முறை போனபோது ஒரு தாள் கொடுத்தார். இந்த மதிப்புரையே அந்தத் தாளைப் பற்றியதுதான்.

சாதாரண வெள்ளைத் தாள். அதில் தீக்குச்சி மனிதர்களைப் பேனாவால் வரைந்திருக்கிறார். ஒரு கோடு உடம்பு, ஒரு சுழி தலை. பக்கத்தில் அம்புக்குறி போட்டு மேலே போனால் 'உள்', கீழே வந்தால் 'வெளி'. எத்தனை தடவை என்று ஒரு எண். முதல் படத்தில் நின்றபடி கை தூக்குவது, ஆறு தடவை. இரண்டாவதில் அந்தத் தீக்குச்சி ஆள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு பாதி குனிகிறான். எங்கள் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றின இடத்தில், தேக்குத் தூண் வரிசையாக இருக்கிறது என்று நான் சொன்னதை வைத்துப் போட்டது அது. முட்டி போட்டுச் செய்கிற சக்ரவாகாசனம் எனக்கு ஆகாது என்பதால் அதே அசைவை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற மாதிரி மாற்றியிருந்தார். அப்புறம் மல்லாந்து படுத்து முட்டியை வயிற்றுப் பக்கம் கொண்டுவருவது, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்குகிற த்விபாத பீடம். கொஞ்சம் சும்மா படுத்திருப்பது. பிறகு உட்கார்ந்து மூச்சு: நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, பன்னிரண்டு தடவை. கடைசியில் படம் இல்லை, 'பாட்டு' என்று எழுதி ஒரு கோடு. அதற்குக் கீழே 'இரு' என்று மட்டும். எத்தனை நிமிடம் என்று போடவில்லை. மொத்தமும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

மூச்சை உள்ளே நிறுத்துவது தாளில் எங்குமே இல்லை. தலை கீழே போகிற ஆசனமும் இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரண்டும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள் என்றும் சொன்னார், காட்டினேன். எங்கள் வீட்டில் அவுக வேதாந்தம் படிப்பவர், கோவிலூர் மடத்துப் பக்கம் போய் வருபவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "திருமூலர் பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32 என்று மாத்திரைக் கணக்கே போட்டிருக்கிறார், உங்க சார் என்ன நாலும் ஆறும் போட்டிருக்கிறார்?" என்றார். பூரகம் மூச்சை இழுப்பது, கும்பகம் நிறுத்துவது, ரேசகம் விடுவது; இந்த மாத்திரை காலத்தின் அளவு, என் பிரஷர் மாத்திரை இல்லை. அடுத்த தடவை ஆசிரியரிடம் அப்படியே கேட்டேன். "அறுபத்துநாலு நிறுத்துறவர் வந்தா அவருக்கு வேற தாள் எழுதுவேன்" என்றார். உடம்பு நான் இல்லை என்று தினம் படிக்கிறவருக்கு முதுகுவலி மட்டும் எப்படி அவருடையதாகிறது என்று நானும் வீட்டில் கேட்டுவிட்டேன். அது வேறு கதை.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். முதலில் அவர் வடமொழி மந்திரம் ஒன்றைச் சொல்லிக் காட்டினார். குரல் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வாயில் நுழையவில்லை, மனசிலும் ஒட்டவில்லை. சொன்னேன். முகம் சுளிக்காமல், "நீங்க சின்ன வயசிலேர்ந்து என்ன சொல்லிப் பழக்கம்?" என்று கேட்டார். எனக்குப் பிறந்த ஊர் பிள்ளையார்பட்டிக்குப் பக்கம். ஆயா மடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது விநாயகர் அகவல். சொல்லுங்கள் என்றார், சொன்னேன். எழுபத்திரண்டு வரியையும் ஒரே வேகத்தில், நடுநடுவே காற்றைக் கவ்விக்கொண்டு, மணியடிப்பதற்குள் கடை சாத்துகிற மாதிரி சொல்லி முடித்தேன்.

"ஆச்சி, இவ்வளவு நாளா யோகத்தைத்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மூலாதாரம், இடை, பிங்கலை, சுழுமுனை, கபாலம் எல்லாம் ஔவையார் அதில் வரிசையாகச் சொல்கிறார். சங்கடஹர சதுர்த்திக்குச் சொல்லி, கொழுக்கட்டை படைத்து, அதோடு விட்டுவிடுவது நம் வழக்கம். அவர் மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மூச்சுக்கு இரண்டு வரி. இரண்டு வரி முடிந்ததும் வாயை மூடி, மூக்கால் நிதானமாக இழுத்து, அடுத்த இரண்டு வரி. எழுபத்திரண்டு வரிக்கு முப்பத்தாறு மூச்சு. ஆறேழு நிமிடம் ஆகிறது. மூச்சை நீளமாக விடுகிற பயிற்சிதான் இது, எண்ணிக்கைக்குப் பதில் அகவல். தனியாக ஒன்று இரண்டு என்று எண்ணி மூச்சு விடும்போது எனக்குச் சீனிப் பாகு, மாவு கணக்கு எல்லாம் ஓடும். அகவலில் அப்படி ஓடினால் அடுத்த வரி தப்பிவிடும், ஆளை உடனே பிடித்து இழுத்து வந்துவிடுகிறது.

கந்த சஷ்டி கவசம் சொல்கிறவர்களுக்குக் கவசம், ஜெபமாலை உருட்டுகிறவர்களுக்கு ஜெபம் என்று அவரவர் வழக்கத்தையே வைத்துக் கொடுக்கிறார். எனக்கு முந்தின நேரத்துக்கு வருகிற ஒரு டீச்சர் கிறிஸ்தவர். அவர் தாளில் 'பாட்டு' என்ற இடத்தில் பைபிளில் வருகிற சங்கீதம் என்று இருந்தது. தன் சாமியையும் தன் குருவையும் வருகிறவர் தலையில் கட்டாத யோகா ஆசிரியரைப் பார்ப்பது இந்தக் காலத்தில் அரிது. இதற்காகவே நான் ஒரு மதிப்பெண் கூடப் போடுவேன்.

இனி, தினமும் செய்வது. மண்டபத்து வகுப்பு, ஆப் எல்லாம் தோற்கிற இடம் இதுதான்.

தாளைக் கொடுத்துவிட்டு, "உங்க வீட்டுல விடாம தினமும் செய்யிற காரியம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். சமையல் என்றேன். அது இல்லை, செய்யாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் செய்வோம், அப்படி ஒன்று. பிள்ளையார் நோன்பு ஞாபகத்துக்கு வந்தது. தெரியாதவர்களுக்காக: திருக்கார்த்திகையில் தொடங்கி நாளுக்கு ஒரு இழையாக எடுத்து வைத்து, இருபத்தோராம் நாள், மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்றைக்கு, இருபத்தோரு இழையையும் திரியாக்கி, இழைமாவு என்கிற இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். சிங்கப்பூரில் இருந்தாலும் நகரத்தார் வீட்டில் இதை விடுவதில்லை. ஆசிரியர் எங்கள் ஆட்கள் இல்லை, அவருக்கு இது புதுசு. முழுசாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப இருபத்தோரு நாளைக்கு மட்டும் ஒப்புக்கிடுங்க. தாளோட ஓரத்துல தினம் ஒரு கோடு. இருபத்தொண்ணு ஆனதும் வாங்க, மாத்தித் தர்றேன்" என்றார். ஆயுசுக்கும் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே விட்டிருப்பேன்.

நம் பக்கத்தில் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடக்கிறார்கள். காலில் கொப்புளம் வந்தாலும் நிற்பதில்லை. நடந்து வந்த அதே ஆளிடம் தினம் காலையில் கால் மணி நேரம் உட்காருங்கள் என்று சொல்லிப் பாருங்கள், நேரமில்லை என்பார். வருஷத்துக்கு ஒன்று என்றால் ஊரே கூட வருகிறது, அன்னதானம் இருக்கிறது. தினசரிக்குத் துணை இல்லை, பார்க்கவும் ஆளில்லை. பதஞ்சலி யோக சூத்திரத்தில் அப்பியாசத்துக்கு மூன்று நிபந்தனை உண்டு என்று ஆசிரியர் சொன்னார்: நெடுநாள் செய்ய வேண்டும், இடைவிடாமல் செய்ய வேண்டும், மதிப்போடு செய்ய வேண்டும். முதல் இரண்டைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் வருத்தம்.

இப்போது தாளின் பின்பக்கம். தீபாவளிக்கு முன்னால் எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. கல்யாண மாதங்களிலும் அப்படித்தான். விடியற்காலை மூன்றரைக்கு எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். அந்த நாட்களில் என்ன செய்வது என்று கேட்டேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் மூன்றே படம் போட்டார். நின்று கை தூக்குவது, நாற்காலியில் குனிவது, உட்கார்ந்து ஆறு மூச்சு. அகவலில் முதல் எட்டு வரி. ஏழு நிமிடம்கூட ஆகாது. "இது அரைகுறை இல்லை ஆச்சி, இதுவும் முழுசுதான். பின்பக்கம் செஞ்ச நாளுக்கும் முழுக் கோடு போடுங்க" என்றார். இந்தப் பின்பக்கம் இல்லாவிட்டால் முதல் ஐப்பசியிலேயே நின்று போயிருக்கும். யோகா கற்றுத் தருகிற எத்தனையோ பேர் நல்ல நாளுக்கு மட்டும்தான் பாடம் வைத்திருக்கிறார்கள். அடுப்பில் பாகு முற்றிக்கொண்டிருக்கிற நாளுக்கும் சேர்த்து யோசித்தவர் இவர்தான்.

விரிப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் சாயம் ஊற்றி, சிமென்ட்டும் மணலும் போட்டுக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆண்டுக்கணக்கில் கால் பட்டும் எண்ணெய்த் துணி பட்டும் முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். அதன் மேல் கோரைப் பாய் விரித்தால் நாம் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். ஜமக்காளமும் அப்படியே. நின்று செய்வதற்கு ரப்பர் விரிப்புத்தான் சரி. ஆன்லைனில் வாங்கினதே போதும், விலை கூடினது தேவையில்லை. ஆனால் சித்திரை வெயிலில் முற்றத்துப் பக்கம் விட்டால் நாறும், சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். ஆசிரியர் விரிப்பு எதுவும் விற்பதில்லை, எதை வாங்கு என்றும் சொல்வதில்லை.

உட்கார்வதற்கு என் கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்து வந்த பத்தமடைப் பாயைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் பூச்சி அரிக்காமல் பொத்திப் பொத்தி வைத்து என்ன கண்டேன்? ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் வைத்த சுவாமி சிவானந்தர் பிறந்ததும் அந்தப் பத்தமடையில்தான், 1887-இல். பாய்க்கும் யோகத்துக்கும் ஒரே ஊர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். சம்மணம் முட்டிக்கு ஆகாது என்பதால் பாய் மேல் மணை, மணை மேல் நான்காக மடித்த போர்வை. இடுப்பு முட்டியைவிட உயரத்தில் இருந்தால் முதுகு தானாக நிமிர்கிறது. இது அவர் சொல்லிக் கொடுத்ததில் எல்லோருக்கும் பயன்படுவது.

இடம், வளவில் கிழக்கு ஆளோடி (தாழ்வாரம்), இரண்டாவது தூண். புறாத் தொல்லை உண்டு, முதலில் ஒரு துடைப்பம் போட்டுக்கொள்ள வேண்டும். மணையும் பாயும் ராத்திரியே போட்டுவைத்துவிடுகிறேன். காலையில் எழுந்து வரும்போது அது அங்கே கிடப்பதைப் பார்த்த பிறகு தாண்டிப் போக மனசு வருவதில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முட்டி வலி போய்விட்டது என்று எழுத மாட்டேன், போகவில்லை. படியேறும்போது முன்னைப்போல் பல்லைக் கடிக்க வேண்டியிருப்பதில்லை. பிரஷர் மாத்திரை அதே மாத்திரைதான். டாக்டர் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் கூடியிருக்கிறது. வேலைக்கு வருகிற பொண்ணு, "ஆச்சி இப்பல்லாம் சட்டி கிட்ட நின்னு சத்தம் போடுறதில்லை" என்று அவுகளிடம் சொன்னாளாம். இது யோகத்தாலா, அவள் வேலை கற்றுக்கொண்டதாலா என்பதற்கு நான் பொறுப்பில்லை. மற்றபடி அந்த 'இரு' என்கிற கடைசி வரி இருக்கிறதே, அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. சில நாள் ஒரு நிமிடம், சில நாள் பால்காரர் மணி கேட்கும்வரை.

குறைகள். கையெழுத்து மோசம். ஆறா எட்டா என்று போன் பண்ணிக் கேட்க வேண்டியிருக்கிறது, போனையும் லேசில் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார், பின்னால் எப்போதும் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். குறித்த நேரத்துக்குப் போனாலும் முந்தின ஆள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். உட்கார இரண்டே நாற்காலி, விசிறி ஒன்று, கொசு நிறைய. ஒரு முறை நேரம் கொடுத்துவிட்டு ஆள் ஊரிலேயே இல்லை. பஸ் ஏறி வந்த எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! மறு தடவைக்குப் பணம் வாங்கவில்லை என்பது சரி, ஆனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும், காபிகூட அப்புறம்தான் என்பது அவர் கட்டளை. காபி விஷயத்தில் நான் கேட்கவில்லை. அரை டம்ளர் குடித்துவிட்டுத்தான் தூணைப் பிடிக்கிறேன். அவருக்கும் தெரியும்.

கட்டணம் எனக்கு முதல் தடவை அறுநூறு, அப்புறம் ஒவ்வொரு தடவையும் நானூறு. மாதக் கட்டணம், வருஷக் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போனேன். இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும் என்று அவரே சொல்லிவிட்டார். மாசாமாசம் வந்தால் அவருக்குத்தானே வருமானம் என்று கேட்டேன். "தாள் இல்லாமலே செய்யத் தெரிஞ்சவங்க எதுக்கு மாசாமாசம் பஸ் ஏறணும்?" என்றார். வியாபாரம் பண்ணுகிற எனக்கு இது விளங்கவே இல்லை.

யாருக்கு ஒத்து வராது என்றும் சொல்ல வேண்டும். வியர்க்க வியர்க்கச் செய்தால்தான் திருப்தி என்பவர்கள் போக வேண்டாம். தலைகீழாக நிற்க ஆசைப்பட்டு என் தங்கை மகன் போனான். அவனுக்கும் கை தூக்குவதில்தான் ஆரம்பம், ஒரே வாரத்தில் நின்றுவிட்டான். நாலு பேரோடு சேர்ந்தால்தான் கை கால் அசையும் என்பவர்களுக்கு மனவளக்கலை மன்றம் நல்லது. வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியை வயதானவர்களும் செய்யலாம், செலவும் அதிகமில்லை. பெரும்பாலும் பக்கத்து ஊரிலேயே ஒன்று இருக்கும். என் சம்பந்தி அங்கேதான் போகிறார்கள், ஒரு நாள் விடுவதில்லை. ஜூன் 21 வந்தால் 2015-லிருந்து பள்ளிக்கூடங்களில் வரிசையாக நிறுத்திச் செய்ய வைக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். ஜூன் 22-ஆம் தேதி காலையில் வீட்டில் தனியாக என்ன செய்வது என்ற கேள்வி இருப்பவர்கள் மட்டும் சுப்பிரமணியபுரத்துக்குப் போனால் போதும்.

நேரம் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, சாயந்தரம் ஐந்துக்கு மேல். செவ்வாய் கிடையாது. உங்கள் மாத்திரைச் சீட்டையும் பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், பார்க்காமல் தாள் எழுத மாட்டார். புடவையோடு போகலாம், அதற்கென்று உடுப்பு வாங்க வேண்டாம். இன்னொன்று, முட்டிவலிக்காரர்கள் முக்கால்வாசி வருகிற அந்த வகுப்புக்கு மாடிப்படி இருபத்துநாலு, கைப்பிடியும் ஆடுகிறது. ஏற முடியாதவர்கள் போனிலேயே சொல்லிவிட்டால் கீழ்வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்த்தி வைத்துப் பார்க்கிறார். எனக்கு இதைச் சொன்னது அவர் இல்லை, கீழ்வீட்டு அம்மா, அதுவும் நான் மாதக்கணக்கில் ஏறி இறங்கின பிறகு.